உறைமேல் ஒரு மிசஸ்

டெல்வில், அலபாமா
14 ஜனவரி 1962

அன்புத் தங்கை எர்லினுக்கு,

இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் உடம்பும் ஆமோஸின் முதுகுவலியும் எப்படி இருக்கின்றன என்று எழுது. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறேன். இந்த ஊர்க் குளிருக்கு அது ரொம்ப அதிகம். வேர்த்துக் கொட்டினாலும் கழற்றுவதில்லை. டெட்ராய்ட் கோட்டு என்று நாலு பேர் பார்க்க வேண்டாமா?

முதலில் ஒரு விஷயம். உறைமேல் 'மிசஸ் ஓசெல்லா மேப்ரி' என்று இனி எழுதாதே. நீ எழுத எழுத, தபால்காரன் அந்த 'மிசஸ்' மேல் பென்சிலால் கோடு போட்டுத்தான் கொண்டுவந்து கொடுக்கிறான். கறுப்புப் பெண்ணுக்கு இந்த ஊரில் எவன் மிசஸ் போட்டிருக்கிறான்? போன தடவை அவன் அழுத்திய அழுத்தில் உறையே கிழிந்து, உன் கடிதம் மழையில் நனைந்துவிட்டது. வெறும் ஓசெல்லா என்றே எழுது. கடிதமாவது உருப்படியாக வரட்டும்.

அடுத்ததை உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் கோயிலின் கீழ்க்கூடத்தில் மாதம் ஒரு வியாழக்கிழமை வெள்ளைக்காரப் பெண்கள் வந்து எங்களோடு ஜெபம் செய்கிறார்கள்! பெரிய வீட்டுப் பெண்கள். முதல் நாள் அவர்கள் படியிறங்கி வந்தபோது, யாரோ செத்துப்போன செய்தி சொல்ல வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஜெபத்துக்குத் தடையில்லை, சாப்பாட்டுக்குத்தான் தடை. வெள்ளையரும் கறுப்பரும் நடுவில் தடுப்பு இல்லாமல் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று நகரச் சட்டம் இருக்கிறதே. போதகரின் மனைவி இடெல்லா என்ன செய்தாள் தெரியுமா? மேசைக்குக் குறுக்கே துணிக்கொடி கட்டி, அதில் தன் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். "இதோ, தடுப்பு வந்தாச்சு. எல்லாரும் சாப்பிடுங்க" என்றாள். அந்தப் பக்கமிருந்து வெள்ளைக் கைகள் விரிப்புக்குக் கீழே நீள்கின்றன, நாங்கள் சோளரொட்டியை வைக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

அவர்களில் மிசஸ் வெர்னன் ஹேகுட் என்று ஒருத்தி. ஊர் நூலகத்தில் மேசையில் உட்காருபவள். நம் பிள்ளைகள் அந்தப் படியை மிதிக்க முடியாதல்லவா? அவள் தன் பெயரில் புத்தகங்களை எடுத்து, பலகாரக் கூடையில் துணி போட்டு மூடிக் கொண்டுவருகிறாள். நான் என் வகுப்புக்கு எடுத்துப்போய் அடுத்த மாதம் திருப்பித் தருகிறேன். தவளை, ரயில் எஞ்சின், எகிப்து ராஜாக்கள் எல்லாவற்றையும் ஹார்டுவேர் கடைக்காரர் மனைவியான இவளே ஒரே மாதத்தில் படித்துவிட்டாள் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது.

இது வெளியே தெரிந்தால் என் வேலை போகும். இருபது வருஷ வேலை. ஆகவே ஆமோஸைத் தவிர யாரிடமும் மூச்சு விடாதே.

உன் அக்கா
ஓசெல்லா

* * *

டெட்ராய்ட்
2 பிப்ரவரி 1962

அன்புள்ள அக்கா,

நாங்கள் சௌக்கியம். ஆமோஸின் முதுகு அவரைவிட நன்றாக இருக்கிறது. உன் முழங்காலுக்குக் கற்பூர எண்ணெய் தேய்க்கிறாயா?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு ஆமோஸைக் கூப்பிட்டு, "நான் சரியாத்தான் படிக்கிறேனா, நீங்க ஒரு தடவை படிங்க" என்று கொடுத்தேன். அவரும் படித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு ஜுரம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார்.

டெல்விலில் வெள்ளைக்காரிகள் நம் கோயிலுக்குள் வந்தார்களா? எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. நம் அம்மா அந்த வீடுகளுக்கெல்லாம் துணி வெளுத்தாளே, ஒருத்தியாவது அவளை முன்வாசல் வழியாக உள்ளே விட்டாளா? தனித் தட்டு, தனி டம்ளர், பின்வாசல். இன்றைக்குத் திடீரென்று ஞானோதயமா?

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு மிரட்டல் வந்தால் அவர்கள் புருஷன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தெருவில் நிற்கப்போவது நீ.

நல்ல செய்தி ஒன்று. ஏப்ரலில் சொந்த வீட்டுக்குப் போகிறோம்! மூன்று படுக்கையறை, முன்னால் புல்தரை. ஒரு அறையை உனக்கென்று மஞ்சள் வர்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. இங்கே தபால்காரன் எதையும் அடிப்பதில்லை.

இந்த உறைமேல் நீ சொன்னபடி மிசஸ் போடவில்லை. எழுதாமல் விட்ட கை நமநமவென்கிறது.

அன்புடன்
எர்லின்

* * *

டெல்வில்
11 மார்ச் 1962

அன்புத் தங்கை,

சொந்த வீடா! படித்ததும் சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினேன். முழங்கால் அன்றைக்குத்தான் பழிவாங்கியது. மஞ்சள் என்றால் எலுமிச்சை மஞ்சளா, வெண்ணெய் மஞ்சளா? எனக்கு வெண்ணெய் மஞ்சள்தான் பிடிக்கும்.

போன வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். எப்படித் துணிந்தேன் என்று இன்னும் எனக்கே புரியவில்லை. விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து மிசஸ் ஹேகுட், "ஓசெல்லா, அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளு" என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. உப்பை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று எழுந்தேன். "நான் உங்களை மிசஸ் ஹேகுட்ங்கிறேன். நீங்க என்னை ஓசெல்லாங்கிறீங்க. ஜெபத்துல மட்டும் நாம எல்லாரும் சகோதரிங்க. என்னை மிசஸ் மேப்ரின்னு கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் யாருடைய முள்கரண்டியோ கீழே விழுந்தது. ஒருத்தி சமாதானமாக, "நாம எல்லாருமே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கலாமே, அது இன்னும் நெருக்கமா இருக்குமில்லே?" என்றாள்.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஊர்ல பால்காரப் பையன்ல இருந்து ஆளிருக்காங்க. எனக்கு அந்த நெருக்கம் வேண்டாம்" என்றேன்.

மிசஸ் ஹேகுட் விரிப்பை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "எனக்கு மனசு இல்லாம இல்லே, ஓ... நாக்கு வர மாட்டேங்குது" என்றாள்.

இடெல்லா விடுவாளா? "நாக்குக்கு என்ன கேடு? கிளிக்கே பழகுது. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பாருங்க."

அவளும் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். "மிசஸ் ஓ... மிசஸ் ஓசெல்லா... மிசஸ் மே..." நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கிளம்பும்போது படியில் நின்று திரும்பி, ஒரே மூச்சில், "போயிட்டு வரேன், மிசஸ் மேப்ரி" என்றாள். லூசியஸைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு வெள்ளை வாய் என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன், எர்லின்.

நூலகத்தை நமக்கும் திறக்க வேண்டும் என்று இடெல்லாவும் இன்னும் சிலரும் போட்ட வழக்கு மத்திய நீதிமன்றத்தில் நடக்கிறது. முடிவு எப்போது என்று தெரியாது.

வீடு மாறியதும் புது முகவரியை எழுது.

உன்
ஓசெல்லா

* * *

டெட்ராய்ட்
29 ஏப்ரல் 1962

அன்புள்ள அக்கா,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. இங்கே கொஞ்சம் அலைச்சல்.

ஒரு வெள்ளைக்காரி உன்னை மிசஸ் என்றாளா! நிஜமாகவா? எந்தக் குரலில் சொன்னாள், கிண்டலாக இல்லையே? என்னால் அதைக் காதால் கற்பனைகூடப் பண்ண முடியவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எதற்கு எனக்குச் சந்தோஷம் வருகிறது என்று என்மேலேயே கோபமாகவும் இருக்கிறது.

ஜாக்கிரதையாக இரு. பழைய முகவரிக்கே எழுது.

எர்லின்

* * *

டெல்வில்
8 மே 1962

அன்புத் தங்கை,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது.

வியாழக்கிழமை ஜெபம் முடிந்து வெளியே வந்தால், எதிர்ச்சாரியில் இரண்டு ஆண்கள் நின்று கார் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுக்கூடக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் 'கறுப்பருடன் கூடி உண்ணும் நம் வீட்டுப் பெண்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே பெயர்கள். மிசஸ் வெர்னன் ஹேகுட் முதலாவது. வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

'மிசஸ் லூசியஸ் மேப்ரி.'

ஆமாம், நான்தான்! முழங்கால் வலிக்காக அன்று லூசியஸின் பழைய காரில் போயிருந்தேன். அந்த ஆட்கள் போன பிறகுதான் அதில் ஏறினேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் கார் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கறுப்புப் பெண்கள் நடந்துதான் வருவார்கள், கார் இருந்தால் அது வெள்ளைக்காரியுடையது என்று அந்த மடையர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இந்தப் பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து நம் இனத்துப் பெண் ஒருத்திக்கு மிசஸ் போட்டதில்லை. கல்யாணத்துக்கும் போட்டதில்லை, சாவுக்கும் போட்டதில்லை. திட்டுவதற்காகப் போட்டுவிட்டார்கள்.

இடெல்லா ஓடிவந்து, "ஒரே ராத்திரியில வெள்ளைக்காரி ஆயிட்டீங்களே அக்கா, பவுடர் செலவு மிச்சம்!" என்றாள். சிரித்தோம். சிரித்துக்கொண்டே இடெல்லா எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். மாலையில் தொலைபேசி அடித்தது. ஒரு ஆண் குரல். "வெள்ளைக்காரியாப் பொறந்துட்டு இப்படிப் பண்றியே, வெக்கமா இல்லே?" என்றது. "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் யார் என்று இன்னும் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமலே போகட்டும் என்று ஜெபம் செய்.

ஓசெல்லா

பி.கு.: மஞ்சள் அறை என்ன ஆயிற்று? நீ ஒன்றுமே எழுதவில்லையே.

* * *

டெட்ராய்ட்
14 மே 1962

அக்கா,

கடிதம் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஆமோஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உனக்குச் சிரிப்பு வேறு வருகிறதா? இதைப் படித்த அன்றே பஸ் ஏறு. கோட்டையும் பைபிளையும் எடுத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இரவில் விளக்கு போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காராதே.

எப்போது வருகிறாய்? தந்தி அடி.

எர்லின்

* * *

டெல்வில்
3 ஜூன் 1962

அன்புத் தங்கை,

சுகம். இங்கே நல்ல வெயில். முன் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. இப்போதெல்லாம் பின்னறையில்தான் படுக்கிறேன், அங்கே குளிர்ச்சியாக இருக்கிறது.

பத்திரிகை தன் தவறைத் திருத்திக்கொண்டது. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

'முந்தைய செய்தி ஒன்றில் மிசஸ் லூசியஸ் மேப்ரி என்று குறிப்பிடப்பட்டவர் வெள்ளை இனத்தவர் அல்லர். நீக்ரோ பள்ளி ஆசிரியை ஓசெல்லா என்பவரே அவர். அவர் பெயருக்கு முன் மிசஸ் என்று தவறுதலாக அச்சானதற்கு வாசகர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.'

வாசகர்களிடம் வருத்தமாம்! எல்லாரும் படிக்கட்டும் என்று பள்ளியின் பெயரையும் போட்டுவிட்டார்கள். ஏதோ அசிங்கத்தைத் தொட்டுவிட்டவன் கையைக் கழுவுவதுபோல் கழுவிக்கொண்டார்கள்.

அதே பக்கத்தில், அதற்குக் கீழே, கட்டம் கட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் இன்னும் அதிர்ந்தேன்.

'என் மனைவி கலந்துகொண்ட கூட்டத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளுடைய செயலை நான் ஒப்பவில்லை. இன்று முதல் என் பெயரில் அவள் கடைகளில் வாங்கும் எதற்கும் நான் பொறுப்பல்ல. வெர்னன் ஹேகுட், ஹேகுட் ஹார்டுவேர்.'

அடுத்த கட்டத்தில் இன்னொரு புருஷன். அதற்கடுத்தும் இன்னொருவன். நாய் தொலைந்தது, பசு விற்பனைக்கு, மனைவிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. எனக்கு மிசஸ் கிடையாது என்றவர்கள், அவளுக்குக் கொடுத்திருந்ததையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று இத்தனை மாதமும் நான் கேட்டதேயில்லை. இடெல்லாதான் சொன்னாள், கோரின்.

அவள் கடைசியாகக் கொடுத்த கூடைப் புத்தகங்கள் என்னிடமே இருக்கின்றன. திருப்பிக் கொடுக்க வழியில்லை.

ஆமோஸைக் கேட்டதாகச் சொல்.

ஓசெல்லா

* * *

டெட்ராய்ட்
15 ஜூலை 1962

அக்கா,

உன் கடிதத்தில் ஜன்னல் கண்ணாடியைப் பற்றி எழுதினாய். பழைய கண்ணாடி என்னவாயிற்று என்று எழுதவில்லை. நம் சித்தப்பா மகன் ரூஃபஸ் வேலை தேடி இங்கே வந்திருக்கிறான். அவன் வாயால்தான் எல்லாம் கேட்டேன். செங்கல் வந்து விழுந்தது. தபால் ஊழியனிலிருந்து தலைமை ஆசிரியர் வரைக்கும் உன்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். பள்ளியிலிருந்து உன்னை நீக்கிவிட்டார்கள்!

இருபது வருஷம், அக்கா. 'இங்கே நல்ல வெயில்' என்று எனக்கு எழுதினாயே, உனக்கு எப்படிக் கை வந்தது? ரூஃபஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் சூப் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். அவன்தான் அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

அந்த மிசஸ் கிளி என்ன ஆனாள்? அவளுடைய வேலையும் போயிற்றா, அல்லது நான் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டாளா?

உண்மையை எழுது. என்னைச் சின்னப் பிள்ளையாக நடத்தாதே.

எர்லின்

* * *

டெல்வில்
1 ஆகஸ்ட் 1962

அன்புத் தங்கை,

உடம்பு சுகம். உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். வேலை போனது நிஜம். 'அடுத்த ஆண்டு உங்கள் சேவை தேவைப்படாது' என்றார்கள். கல்வி அதிகாரி கடைசிவரை என்னை நிற்கவைத்தே பேசினார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தவளுக்கு வண்டியை எப்படிக் கிளப்புவது என்றே மறந்துபோனது. இதை எழுதினால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய் என்றுதான் எழுதவில்லை. இப்போது துணி தேய்த்துக் கொடுக்கிறேன். சாயங்காலம் பிள்ளைகள் வருகிறார்கள். கோரினுடைய கூடைப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். தவளையைப் பற்றி இந்தத் தெருவுக்குத் தெரியாதது இனி ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடிதான் நடந்தது. கோயிலுக்கு ஒருத்தியும் வரவில்லை. கோரின் கொஞ்ச நாள் தன் அம்மா வீட்டில் இருந்தாள். பிறகு பத்திரிகையில் அவளுடைய மன்னிப்பு வந்தது. 'யாரோ என்னைத் தவறாக வழிநடத்திவிட்டார்கள்.' கீழே கையெழுத்து, மிசஸ் வெர்னன் ஹேகுட். பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் போல. நூலக மேசையில் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த 'யாரோ' யார் எர்லின்? நானா? எனக்கு மிசஸ் என்று சொல்லக் கற்றுக்கொண்டதுதான் தவறான வழியா? கடைத்தெருவில் எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிட்டாள். செங்கல் விழுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

இப்போது நீ சொல். மஞ்சள் அறையைப் பற்றி நான் மே மாதமே கேட்டாயிற்று. நீயும் என்னைச் சின்னப் பிள்ளையாகத்தான் நடத்துகிறாய்.

ஓசெல்லா

* * *

டெட்ராய்ட்
12 ஆகஸ்ட் 1962

அன்புள்ள அக்கா,

சுகம் என்று எழுத வரவில்லை. சொல்லிவிடுகிறேன்.

வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ஏப்ரலில் போனோம். வெண்ணெய் மஞ்சள் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தேன். வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். வெள்ளைக்காரிகள், குழந்தை வண்டிகளோடு. ஆண் பிள்ளை ஒருவர்கூட இல்லை. வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் சிரித்தேன், அக்கா. அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

யாரும் கத்தவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, "இந்தத் தெரு உங்களுக்குச் சரிப்படாதும்மா" என்று தணிந்த குரலில் சொன்னாள். நான் நின்றிருந்த படியை விட்டு இறங்கினேன். உடனே அவள் கையிலிருந்த துடைப்பத்தால், நான் நின்ற இடத்தைப் பெருக்கினாள். என் கண்ணெதிரே, இரண்டு தடவை.

மறுவாரம் விற்றுவிட்டோம். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? இங்கே தபால்காரன் எதையும் அடிப்பதில்லை என்று பெருமை பேசியவள் நான். அந்த டப்பா இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

உன் கோரின் பயந்துவிட்டாள். பயப்படுவதற்கு முன்னால் அவள் கற்றுக்கொண்டாளே, அதுவாவது நடந்தது. எனக்கு அந்தத் துடைப்பக்காரி மட்டும்தான் கிடைத்தாள்.

உன்னை வா என்று இனி கூப்பிட மாட்டேன். நீ அங்கேயே இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் எழுது.

எர்லின்

* * *

டெல்வில்
7 அக்டோபர் 1962

என் செல்லத் தங்கை எர்லினுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்தத் துடைப்பம்தான் கண் முன்னால் வந்தது. ஆகவே, நான் என்ன செய்தேன் என்று சொல்லக்கூடிய நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். அது நேற்று வந்தது. முழங்காலைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

வழக்கில் நாம் ஜெயித்தோம்! நூலகத்தை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். நேற்றுதான் திறந்த முதல் நாள். இடெல்லா போய்ப் பார்த்துவிட்டுப் பேயறைந்தவளாகத் திரும்பி வந்தாள். "நாற்காலியைக் காணோம் அக்கா. ஒண்ணுகூட இல்லே. மேசையும் இல்லே" என்றாள்.

நகரசபை என்ன செய்திருக்கிறது பார். சட்டப்படி திறந்துவிட்டார்கள். ஆனால் வெள்ளையரும் கறுப்பரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஆகவே உட்காருகிற பொருளையே தூக்கிவிட்டார்கள்! வெர்னன் ஹேகுட்டின் கடை லாரியில்தான் நாற்காலிகள் எல்லாம் போயினவாம். வெள்ளைக்காரக் கிழவர்கள்கூட அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டு செய்தித்தாள் படிக்கிறார்கள். நம் பக்கத்தில் உட்காருவதைவிடக் கால் வலிப்பது அவர்களுக்கு மேல்.

எனக்கு வந்த கோபத்தில் சமையலறை நாற்காலியைத் தூக்கிக் காரில் போட்டேன். கோரினின் கூடையையும் எடுத்துக்கொண்டேன். அந்த நூலகப் படியில் ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் கூடையுமாக ஏறினேன். என் நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக உள்ளே போகிறேன். மெழுகு வாசனை. அவ்வளவு புத்தகங்கள், எர்லின்! என் பிள்ளைகள் தவளையையே படித்துக்கொண்டிருந்தார்களே!

புத்தகம் பதியும் மேசையில் கோரின் இருந்தாள், அவளுக்கு மட்டும் ஒரு மேசையும் நாற்காலியும். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவள் புருஷன் நின்றான். என் கையிலிருந்த கூடையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் அவள் பெயரில் எடுத்தவை. மேசைமேல் அடுக்கி, "இதெல்லாம் நீங்க எனக்குக் கொடுத்தது" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடியும் கட்டம் கட்டிப் போட்டுவிடுவான். ஜவுளிக்கடை வாசல் ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லவில்லை. திருப்பித் தரும் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழு நூலகமும் திரும்பிப் பார்த்தது. வெர்னன் மனைவியைப் பார்த்து, போ என்பதுபோல் தலையை ஆட்டினான்.

அவள் எழுந்து வந்தாள். அதட்டத்தான் வந்தாள், அதில் சந்தேகமில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"இங்கே நாற்காலி போடக் கூடாது, மிசஸ் மேப்ரி!"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாத்திரம் கழுவிக் கழுவிப் பழகிய நாக்கு! ஒரு கிழவர் கையிலிருந்த செய்தித்தாள் சரிந்து விழுந்தது.

வெர்னன் மெதுவாகக் கேட்டான். "இப்போ அவளை என்னன்னு கூப்பிட்டே?"

கோரின் வாயிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு எல்லா வசதியும் இருந்தது. பத்திரிகையே ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறது.

"அவங்க பேரு அதுதான், வெர்னன்" என்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆனா நாற்காலியை வெளியே வெச்சிடுங்க, மிசஸ் மேப்ரி. எனக்கு உத்தரவு" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, உள்ளே வந்து மூடும்வரை நின்றுகொண்டே படித்தேன். என் உறுப்பினர் அட்டையைத் தட்டச்சு செய்து அவள்தான் கொடுத்தாள். அதைக் காரில் உட்கார்ந்துதான் பார்த்தேன், அங்கே வைத்துப் பார்க்கத் தைரியமில்லை. மிசஸ் ஓசெல்லா மேப்ரி என்று இருக்கிறது.

அவள் இன்று எந்த வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நாளை இடெல்லாவும் நாற்காலி கொண்டுவருகிறாள், அவளுக்குப் பின்னால் இன்னும் பலர். எத்தனை தடவை வெளியே வைக்கச் சொல்வார்கள் என்று பார்ப்போம். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, கற்பூர எண்ணெய் தேய்த்திருக்கிறேன், கவலைப்படாதே.

அந்த மஞ்சள் டப்பாவை ரூஃபஸ் வரும்போது கொடுத்தனுப்பு. என் நாற்காலிக்கு அடிக்க வேண்டும்.

இனிமேல் உறைமேல் மிசஸ் என்று எழுது. நல்ல மையில், அழுத்தி எழுது.

உன் அக்கா
மிசஸ் ஓசெல்லா மேப்ரி